வழுவும் நினைவும்: ‘மௌஸ்’ நூலில் தந்தையின் மொழியும் தமிழாக்கமும்

முன்னுரை

பெற்றோரின் போர்க்கால நினைவுகளைப் பிள்ளைகள் பதிவு செய்யும்போது பேச்சு எழுத்தாக மாறுகிறது. பல வேளைகளில் ஒரு மொழியில் வாழ்ந்த வாழ்க்கை வேறொரு மொழியில் சொல்லப்படுகிறது. இவ்விரு நிலைகளிலும் சொன்னவரின் நடையைத் திருத்தும் விழைவு பதிவு செய்பவருக்கு எழுவது இயல்பு. அவ்விழைவுக்கு இடங்கொடாத நூல்களுள் ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’ குறிப்பிடத்தக்கது. 1986-இலும் 1991-இலும் இரு தொகுதிகளாக வெளிவந்த இச்சித்திரக்கதை 1992-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. போலந்து யூதரான விளாதெக்கும் அவர் மனைவி ஆன்யாவும் நாசிகளின் சிறைமுகாம்களில் பிரிந்து, பிழைத்து, மீண்டும் சேர்ந்த வரலாற்றை மகன் கேட்கத் தந்தை சொல்வதாக நூல் அமைகிறது. தந்தையின் பிழைபட்ட ஆங்கிலம் இந்நூலில் பெறும் இடத்தையும் அதைத் தமிழில் கொணரும் வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பிழை நிகழும் இடங்கள்

விளாதெக்கின் ஆங்கிலத்தில் சொற்கள் இட்டிஷ் மொழியின் சாயலில் வரிசை மாறி நிற்கின்றன. துணைவினைகள் விடுபடுகின்றன, முன்னிடைச் சொற்கள் மயங்குகின்றன. ஆனால் இவை நூல் முழுவதும் காணப்படவில்லை. அமெரிக்காவில் மகனுடன் நிகழ்த்தும் உரையாடலிலும், பழைய நிகழ்ச்சிப் படங்களோடு வரும் கதைகூற்றிலும் இவை வருகின்றன. போலந்துக் காட்சிகளில் அதே விளாதெக் பெரும்பாலும் சரளமாகப் பேசுகிறார். அங்கே அவர் தம் சொந்த மொழிகளில் பேசுவதாகக் கொள்ள வேண்டும். ஆகவே பிழைகள் அவருடைய அறிவுக்குறைவைச் சுட்டவில்லை. அவர் இழந்துவந்த மொழிச் சூழலைச் சுட்டுகின்றன.

அந்த ஆங்கிலத்துக்குத் தனி வரலாறும் உண்டு. முதல் சந்திப்பில் ஆன்யா, விளாதெக்குக்குப் புரியாது என்றெண்ணி, அவரைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுகிறாள். அவருக்கோ அது புரிந்துவிடுகிறது. ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகளை மேற்பார்த்த போலந்துக்காரன் ஒருவன் ஆங்கிலம் கற்க விரும்புகிறான். அவனுக்குக் கற்பித்ததால் விளாதெக்குக்கு உணவும் நல்ல உடையும் கிடைக்கின்றன. டாக்காவில் ஆங்கிலம் பேசக்கூடிய பிரெஞ்சுக் கைதி தன் உணவுப் பொதியை அவரோடு பகிர்ந்துகொள்கிறான். நூலில் ஆங்கிலம் பெறும் இம்முதன்மையை ஆலன் ரோசன் 1995-இல் விரிவாக ஆராய்ந்துள்ளார். காதலுக்கும் சிறைவாழ்வுக்கும் துணைநின்ற மொழியிலேயே தந்தை அவ்விரண்டையும் மகனிடம் சொல்கிறார் என்பது மொழிபெயர்ப்பாளர் மனங்கொள்ளத்தக்கது.

ஒரே சான்று

ஆன்யா 1968-இல் தற்கொலை செய்துகொண்டார். போருக்குப்பின் அவர் எழுதிவைத்த குறிப்பேடுகளை விளாதெக் எரித்துவிட்டதை முதல் தொகுதியின் இறுதியில் மகன் அறிகிறார். அவர் சினம் கடுமையானது. அதை அவர் மறைக்கவுமில்லை. ஆயினும் தாயின் குரலைக் கற்பனையால் படைத்து அவ்விடத்தை அவர் நிரப்பவில்லை. பிர்கனாவ் முகாமில் இருந்த ஆன்யாவுக்கு மான்சி என்ற ஹங்கேரியப் பெண் வழியாக மடல் சென்ற செய்தியையும் கணவர் வாய்மொழியாகவே அறிகிறோம். மனைவியின் சொற்களை அழித்தவரே அவர்தம் காதலுக்கு எஞ்சிய சான்றாகிறார். அச்சான்றின் நடையைச் செம்மைப்படுத்தினால் எரித்தவர் யார், சொல்பவர் யார் என்ற நினைவு வாசகரிடம் மங்கிவிடும்.

தமிழில் எழும் சிக்கல்

தமிழாக்க முனைபவருக்கு ஆங்கிலப் பிழைகளை அப்படியே பெயர்ப்பது பயன்தராது. தமிழ்த் தொடரில் சொற்கள் பெரிதும் இடம்மாறி வரலாம்; எனவே வரிசை மாற்றம் பிழையாகத் தோன்றாது. வட்டார வழக்கையோ சமூகக் கிளைமொழியையோ கையாள்வதும் பொருந்தாது. அவை தம்மளவில் முழுமையான தமிழ். திரைப்பட வட்டிக்கடைக்காரரின் கொச்சைத் தமிழோ நகைப்புக்கென்றே வழங்கிவருவது.

இதற்கு மாற்றாக நான்காம் வேற்றுமையைக் கருதலாம். பசிக்கும், வலிக்கும், பிடிக்கும், தெரியும், நினைவிருக்கிறது ஆகியவற்றில் உணர்பவர் ‘எனக்கு’ என்றே வருகிறார். தமிழைப் பின்னாளில் கற்றவர் இங்கு வழுவி, ‘நான் பசித்தது’, ‘நான் அவளைப் பிடிக்கும்’, ‘நான் நினைவிருக்கிறது’ என்று சொல்லக்கூடும். இட்டிஷிலும் குளிர் போன்ற சில உணர்வுகளுக்கு நான்காம் வேற்றுமை அமைப்பு உண்டு. ஆகவே இது தாய்மொழித் தாக்கத்தைப் படியெடுக்கும் முயற்சியன்று. இதன் சிறப்பு வேறு. சிறையின் பசியும் வலியும், ஆன்யாவின்மீதுள்ள விருப்பமும், அவற்றை நினைவுகூர்தலும் இவ்வொரு தொடரமைப்பில் அடங்குகின்றன. பிழையை இதனோடு நிறுத்தி ஏனையவற்றைச் சரியாக விட்டால் நகைப்பும் வாசிப்புச் சோர்வும் குறையும். போலந்துக் காட்சிகளின் உரையாடலுக்கு இயல்பான பேச்சுத் தமிழே ஏற்றது. எழுத்து வழக்கில் அமைத்தால் அம்மக்கள் தம் வீட்டிலேயே அயலாராகத் தோன்றுவர்.

வழுவைப் பதிப்பாசிரியர் களைய வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் வலுவாக உள்ளது. ஆனால் தொல்காப்பியக் கிளவியாக்கத்துக்கு உரைகண்டோர் வழுவை விலக்குவதோடு நில்லாமல் வழுவமைதியையும் கொண்டனர். இலக்கண முறையில் பிழையாயினும் தக்க காரணம் பற்றி ஏற்கப்படுவது அது. விளாதெக்கின் பேச்சைத் தமிழில் அமைப்பதற்கு இக்கருத்து உரிய அடிப்படையாகும்.

முடிவுரை

நூலின் இறுதிப் பக்கத்தில், ஆன்யாவுடன் மீண்டும் சேர்ந்ததைச் சொல்லி முடித்த தந்தை ஒலிப்பதிவை நிறுத்தச் சொல்கிறார். களைப்பில் மகனை ‘ரிஷ்யோ’ என்றழைக்கிறார். அது போரில் இறந்துபோன மூத்த மகனின் பெயர். எதிரில் நிற்கும் ஆர்ட் அதைத் திருத்தவில்லை. அப்பெயரை அப்படியே எழுதி நூலை முடிக்கிறார். நூலிலுள்ள தந்தையின் பிழைகளுள் இதுவே மிகப் பெரியது. இறந்த மகன்மீது அவர் கொண்ட அன்பை வேறெந்தச் சொல்லும் இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை. மொழிபெயர்ப்பாளர் தந்தையின் ஏனைய வழுக்களையும் இவ்வாறே காத்தல் தகும்.