கேபிளை ஓட்டும் கலை

ஒலித்துறையில் இன்றும் அடிபடும் 600 ஓம் என்ற எண், தொலைபேசிக்காரர்கள் விட்டுச்சென்ற சொத்து. மைல் கணக்கில் ஓடும் கம்பியில் அனுப்பும் முனையின் இம்பீடன்ஸும் வாங்கும் முனையின் இம்பீடன்ஸும் ஒத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் மரபு. 600 ஓமில் 1 மில்லிவாட் தர 0.775 வோல்ட் தேவை. அதுவே ஒலி அளவுகளுக்கு அடித்தளமாயிற்று. அதற்கு 4 டெசிபல் மேலே, 1.23 வோல்ட்டில், தொழில்முறைக் கருவிகள் நிற்கின்றன. வீட்டுக் கருவிகளுக்கு 0.316 வோல்ட்.

ஸ்டூடியோவில் மைல்கள் இல்லை. 20 கிலோஹெர்ட்ஸ் மின்னலைக்குக் கேபிளில் அலைநீளம் சுமார் 10 கிலோமீட்டர். நூறு மீட்டருக்கு இம்பீடன்ஸைப் பொருத்துவதால் பாதி வோல்ட்டேஜ் வீணாவதுதான் மிச்சம். ஆகவே பின்வந்த பள்ளி, வெளியீட்டை 50, 100 ஓமாகத் தாழ்த்தி, உள்ளீட்டை 10 கிலோஓமுக்கு உயர்த்தியது.

தாழ்த்துவதற்கு வலுவான காரணம் உண்டு. கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கியாக நடந்துகொள்ளும். நூறு மீட்டரை 10 கிலோஓம் வெளியீட்டில் மாட்டினால் 1.6 கிலோஹெர்ட்ஸிலேயே ஒலி சரியத் தொடங்கும். வயலினின் மினுக்கம் போயே போய்விடும். 100 ஓம் என்றால் சரிவு 159 கிலோஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போகும்.

அப்படியானால் பூஜ்ய ஓம் இன்னும் நல்லதல்லவா? இங்கேதான் புதியவர்கள் இடறுகிறார்கள். வெளியீட்டை இயக்கும் ஆப்-ஆம்ப்பின் (op-amp) வாயிலில் நேராக மின்தேக்கியைத் தொங்கவிட்டால் அதன் பின்னூட்டம் தாமதமாகி, காதுக்கு எட்டாத அலைவெண்ணில் அது தானாகவே அலையத் தொடங்கும். பின்னூட்ட வளையத்துக்கு வெளியே 47 முதல் 100 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் வைத்தால் அடங்கிவிடும். சில காசு பெறும் அந்த ரெசிஸ்டரை மிச்சம்பிடிக்கும் வடிவமைப்பை நான் ஏற்கமாட்டேன்.

இரைச்சலை விலக்குவதில் டிரான்ஸ்ஃபார்மர் பள்ளிக்குத் தனி மதிப்பு. இரு கருவிகளின் எர்த்தையும் அது பிரித்துவிடுவதால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் நுழைய வழியில்லை. எடையும் விலையும்தான் தடை. மின்னணுப் பள்ளியில் குறுக்கிணைப்புச் (cross-coupled) சுற்றுகள் டிரான்ஸ்ஃபார்மரைப் போலச் செய்ய முயன்றன. இவை இரண்டும் இரு கம்பிகளில் சிக்னலை அனுப்பும் சமநிலை (balanced) இணைப்புகள். ஆனால் சமநிலை என்றால் இரு கம்பியிலும் எதிரெதிர் சிக்னல் என்று பலர் நம்புவது தவறு. எர்த்தைப் பார்த்து இரு கம்பிகளின் இம்பீடன்ஸும் சமமாக இருப்பதே சமநிலை என்பதை ஒலிப் பொறியாளர் பில் விட்லாக் விடாது வலியுறுத்தினார். சிக்னலே இல்லாத கம்பிக்கும் அதே மதிப்பில் ஒரு ரெசிஸ்டர் கொடுத்தால் போதும், வாங்கும் முனை இரைச்சலைக் கழித்துவிடும். இரு கம்பிகளுக்குமான அந்த ரெசிஸ்டர் ஜோடியை 1 சதவீதத் துல்லியத்தில் தேர்ந்தெடுங்கள். கேபிள் உறையைச் சுற்றின் எர்த்தில் சேர்க்காமல் பெட்டியின் உலோகத்திலேயே சேருங்கள்.