ஒரு தட்டுக்குத் திறக்காத போன்

நோக்கியா 5800 எக்ஸ்பிரஸ் மியூசிக் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் பாட்டிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். பெயரிலேயே மியூசிக் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் 8 ஜிபி மெமரி கார்டு. கூடவே கிடார் வாசிப்பவர்கள் விரலில் பிடிக்கும் பிளெக்ட்ரம் வடிவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. எனக்கு அந்த போனில் ருசித்தது பாட்டு அல்ல, கான்டாக்ட்ஸும் மெசேஜும். 2008 அக்டோபரில் அறிமுகமான அந்த 3.2 அங்குலத் திரையில் ஆட்களையும் செய்திகளையும் பராமரிப்பது ஒரு கைத்தொழில் மாதிரி இருந்தது. தொழில் படிந்தவனுக்கு சுகம், படியாதவனுக்கு எரிச்சல்.

எரிச்சலைத்தான் ஊரெல்லாம் எழுதினார்கள். சிம்பியன் எஸ்60 ஐந்தாம் பதிப்பில் மெனு ஐகான்கள் ஒரே தட்டில் திறக்கும். பட்டியல்கள் திறக்காது. பெயரை ஒருமுறை தட்டினால் அந்த வரி நிறம் மாறும், அவ்வளவுதான். இன்னொரு முறை தட்டினால்தான் உள்ளே விடும். பட்டன் போன் காலத்து மென்பொருளின் மேல் தொடுதிரையை ஒட்டவைத்ததன் மிச்சம் இது. ஓரிடத்தில் ஒரு தட்டு, இன்னோரிடத்தில் இரண்டு என்பது குறைதான், மறுக்கவில்லை. ஆனால் கான்டாக்ட்ஸ் பட்டியலில் மட்டும் அந்த இரண்டாவது தட்டை நான் மரியாதை என்றே சொல்வேன். 'இவரைத்தானா?' என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் போன் காரியத்தில் இறங்குகிறது. இரவு பதினொரு மணிக்கு, விரல் தவறி, மேலதிகாரிக்கு மிஸ்டு கால் போகாது.

விரல் என்று சொன்னாலும், தெரிந்தவர்கள் நகத்தைத்தான் பயன்படுத்தினார்கள். அது ரெசிஸ்டிவ் திரை. மேலே வளையக்கூடிய ஒரு படலம், கீழே இன்னொன்று. அழுத்தத்தில் இரண்டும் ஒட்டும் இடம்தான் தட்டிய இடம். இன்றைய கெபாசிடிவ் திரைக்கு விரல் போல மின்சாரம் கடத்தும் பொருள் வேண்டும். இதற்கு அழுத்தம் போதும். நகம், பேனா மூடி, அந்தக் கிடார் துண்டு, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும். மாவு பிசைந்த கையோடு சுண்டுவிரல் நகத்தால் மெசேஜைத் திறந்து படிக்கலாம். தட்டு ஏறியதும் போன் லேசாக ஒரு அதிர்வு கொடுக்கும்.

தேடும் விதத்துக்குத்தான் என் முதல் பரிசு. பட்டியலோடு இருக்கும் தேடல் பெட்டியைத் தொட்டால் ஆங்கில எழுத்துகள் கட்டம் கட்டமாக விரியும். இருபத்தாறும் வராது. உங்கள் பட்டியலில் எந்தெந்த எழுத்தில் ஆள் இருக்கிறாரோ அவை மட்டும் வரும். எக்ஸில் யாரும் இல்லையா, கட்டத்தில் எக்ஸே கிடையாது. எம்மைத் தொட்டால் மணி, மாலதி, முருகன் மூவரும் நிற்பார்கள். கட்டத்தில் மிஞ்சுவது ஏ, யு இரண்டுதான். யுவைத் தொட்டால் முருகன். கீபோர்டைத் திறக்காமலே ஆள் கிடைத்துவிட்டார். இல்லாத பெயரைத் தேடி அலைய அந்தக் கட்டம் விடாது. இத்தனை நினைவகம் பெருகிய பிறகும், இவ்வளவு புத்திசாலியான தேடலை என் கைக்கு வந்த புது போன் எதிலும் பார்க்கவில்லை.

பெயரின் இரண்டாம் சொல்லின் முதலெழுத்தையும் அது கணக்கில் எடுக்கும். நமக்கு இது பெரிய வசதி. தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'லாஸ்ட் நேம்' என்ற கட்டம் சும்மாதான் கிடக்கும். விவரமானவர்கள் அங்கே தொழிலை எழுதினார்கள். மணி பிளம்பர், செல்வம் ஈபி, ராஜா ஆட்டோ. குழாய் ஒழுகும்போது மணியின் பெயர் யாருக்கு ஞாபகம் வரும்? பி-யைத் தொட்டால் போதும்.

சிம் கார்டிலிருந்து வந்தவர்களை ஒழுங்குபடுத்துவது தனி வேலை. பெரும்பாலான சிம்களில் 250 பேர்தான் அடங்குவார்கள். ஒரு பெயருக்கு ஒரு எண். அதனால்தான் சித்தப்பா, சித்தப்பா 2, சித்தப்பா நியூ என்று ஒரே மனிதர் மூன்று பேராக இருந்தார். போன் நினைவகத்துக்கு மாற்றிய பிறகு மூன்று எண்ணையும் ஒரே பெயருக்குக் கீழே கொண்டுவரலாம். அதோடு, பேச எது, மெசேஜுக்கு எது என்று தனித்தனியாக டிஃபால்ட் குறித்து வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதைச் செய்து முடித்தவர்களுக்கு அதன் திருப்தி தெரியும்.

முகப்புத் திரையில் நான்கு பேருக்கு மட்டும் இடம் இருந்தது. முகத்தைத் தொட்டால் அவரோடு பேசியது, எழுதியது எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். அந்த நான்கு பேர் யார் என்பதில் வீடுகளில் சில்லறை மனஸ்தாபங்கள் வந்ததும் உண்டு.

மெசேஜ் விஷயத்தில் போட்டி கடுமை. 2007-இல் வந்த முதல் ஐபோன் எஸ்எம்எஸ்களை ஆள்வாரியாக, உரையாடலாக அடுக்கிக் காட்டியது. இன்று எல்லா போனும் அப்படித்தான். ஆனால் 2009 வரை ஐபோனில் ஒரு எஸ்எம்எஸ்ஸை இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்ய வழியில்லை. காப்பி, பேஸ்ட்டும் இல்லை. பொங்கல் வாழ்த்தையே ஃபார்வர்டில் அனுப்பிய நம் ஊரில் அதை எப்படி முழு போன் என்பது? 5800-இல் இன்பாக்ஸ், சென்ட், டிராஃப்ட்ஸ் என்று பழைய அஞ்சலகப் பிரிப்பு. நாமாகப் பெயர் வைத்து ஃபோல்டர் திறந்து, வேண்டிய செய்தியை அங்கே மாற்றலாம். சண்டையை முன்னும் பின்னும் படிக்க ஐபோன் முறை மேல். ஒரு செய்தியைப் பத்திரப்படுத்த ஃபோல்டர்தான் மேல்.

எழுதும்போது மூலையில் ஓடும் மீதி எழுத்துகளின் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். 160 எழுத்து வரை ஒரு எஸ்எம்எஸ். 161-ஆவது எழுத்தைப் போட்டதும் அது 145(2) என்று மாறும்: இரண்டாவது மெசேஜ் தொடங்கிவிட்டது, காசும் இரண்டு. ஒட்டுவதற்கான குறிப்புக்கு இடம் போக, ஒவ்வொரு துண்டிலும் 153 எழுத்துதான் ஏறும். யூனிகோடில் எழுதினால் முதல் வரம்பே 70. அதிலும் 'தமிழ்' என்ற மூன்றெழுத்துக்கு ஐந்து இடம். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் பழக்கத்தை வளர்த்ததில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. பண்டிகை நாளில் எஸ்எம்எஸ் பேக் செல்லாது என்பதால் வாழ்த்துகள் முந்தின நாளே கிளம்பின. அளந்து எழுதுகிறவர்கள் அன்று நிறைய இருந்தார்கள்.

அலமாரியில் 5800 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரி உப்பியிருந்தால் போடாதீர்கள். பிஎல்-5ஜே என்று கேட்டு வேறு வாங்குங்கள். அதிலுள்ள மைக்ரோ யூஎஸ்பி துளை சார்ஜ் ஏற்றாது, பழைய 2 மிமீ மெல்லிய பின் சார்ஜர் வேண்டும். கான்டாக்ட்ஸை மொத்தமாக மார்க் செய்து புளூடூத்தில் அனுப்பினால் புது போனுக்கு வந்து சேரும். மெசேஜ்கள் அப்படி வராது. வேண்டியவற்றைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.