உச்சிப் புலியும் ஈர விரலும்

வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் மதியச் சோறு முடிந்ததும் கொட்டகைத் தரையில் கரியால் ஆடு-புலிக் கட்டம் கீறிவிடுவார்கள். புளியங்கொட்டை ஆடு, சரளைக்கல் புலி. இந்த வாரம் மழை விடவில்லை. ஈரத்தரையில் கரி பிடிக்காது. நண்பர் எழுதி அனுப்பிய இணைய விளையாட்டைக் கைபேசியில் திறந்து கொடுத்தேன்.

முதலில் அதை ஜாவா ஆப்லெட்டாகத்தான் எழுதியிருந்தார். 2015 செப்டம்பரில் குரோம் 45 வந்ததும் ஆப்லெட்டுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றினார், மவுஸை மட்டும் மறக்கவில்லை. கம்பத்திலிருந்து ஜீப்பில் காய் எடுக்க வரும் அக்கா உடனே பிடித்துவிட்டார்: "தம்பி, நான் தொடுறது ஒண்ணு, நகருறது ஒண்ணா இருக்கே!"

கோளாறு கட்டத்தின் உருவத்திலேயே இருக்கிறது. 23 புள்ளிகள். உச்சியிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து இறங்குவதால், முதல் குறுக்குக்கோட்டில் நான்கு புள்ளிகள் நெருக்கியடித்து நிற்கும். அளந்தேன், இடைவெளி 5 மில்லிமீட்டர். தொடும் இடம் சுமார் 9 மில்லிமீட்டராவது வேண்டும் என்கிறது ஆண்ட்ராய்டு வழிகாட்டி. மூன்று புலிகளும் ஆட்டத்தைத் தொடங்குவதோ இந்த நெரிசலில். இழுத்து நகர்த்தினால் புலியோடு பக்கமும் சேர்ந்து உருளும். மவுஸை மேலே கொண்டுபோனால் வெட்டும் வழி ஒளிருமாம். விரல் அந்தரத்தில் நின்றால் திரைக்கு என்ன தெரியும்?

நண்பரிடம் சொன்னதும் திருத்திய பதிப்பு இரண்டே நாளில் வந்தது. லீசெஸ் சதுரங்கத் தளத்தில் இருப்பதுபோல், இழுக்காமல் இருமுறை தட்டியும் ஆடலாம். காயைத் தட்டினால் போகக்கூடிய புள்ளிகள் மட்டும் ஒளிர்கின்றன. விரல் சற்று விலகி விழுந்தாலும் அவற்றில் பக்கத்தில் உள்ளதையே எடுத்துக்கொள்கிறது. பக்கம் உருளாமலிருக்க நிரலில் ஒரு வரி போதுமானதாக இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது வேறு: உச்சிக் கோடுகளை வெளிப்புறமாக வளைத்து நெரிசலைக் குறைத்திருக்கிறார். கோடு வளையலாம், அறுபடத்தான் கூடாது. புலி தாண்டுவது அதன் வழியேதான். தரையில் மட்டும் யார் அளவுகோல் வைத்துக் கீறினார்கள்?

மழைத்துளியைத் திரை இன்னும் விரலென்றே நம்புகிறது. தவறித் தட்டினால் திரும்ப வாங்கவும் வழியில்லை. இவற்றைக்கூடப் பொறுக்கலாம். உச்சிப் புலியை அக்கா மடக்கப்போகும் நேரத்தில் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் பக்கத்தை மூடினேன். ஆட்டத்தை அது சேமித்து வைக்கவில்லை.

மறுநாள் வந்ததும் அக்கா கேட்டார்: "என் பதினோரு ஆடு எங்க?"