நெல்லுக்குப் பிறகுதான் புல்

நூலகங்களில் நூல்களை எண்ணிட்டு அடுக்கும் தூயியின் தசமப் பகுப்பில் அழகான பகுதி எது என்று கேட்டால் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்து வாசகர் பலர் 894.811 என்பார்கள். தமிழ் இலக்கியம் நிற்கும் இடம். அந்தப் பிரியம் நியாயமானதே. என் மனம் நிற்பது 630-களில். 633.18 நெல். 636.2 மாடு. 637 பாலும் தயிரும். 638.1 தேனீ. 639.2 மீன்பிடி. கிரான் வயல் வட்டையில் தொடங்கி, மயிலத்தமடு மாதவணை மேய்ச்சல் தரையைத் தொட்டு, வாவிக்கரைக்கு வந்து சேருகிற வரிசை இது. 1876 இல் அமெரிக்காவில் மெல்வில் தூயி வெளியிட்ட திட்டத்தில், எங்கள் சீவியம் முழுவதும் ஒரே இறாக்கையில் அடங்கிவிடுகிறது.

அதிலும் 633.18 முடிந்து 633.2 தொடங்குகிற சந்தி இருக்கிறதே, அதற்கு ஈடில்லை. முன்னது நெல், பின்னது மேய்ச்சல் புல். 18 பெரிது, 2 சிறிது என்று எண்ணுகிற கை, நெல்லைப் புல்லுக்குப் பின்னால் தள்ளிவிடும். புள்ளிக்குப் பிறகு ஒவ்வோர் இலக்கமாகப் பார்க்கத் தெரிந்த கை 1ஐயும் 2ஐயும் கண்டதுமே முடிவெடுத்துவிடும். எட்டு வரைக்கும் போக வேண்டியதில்லை. எண்ணின் நீளத்துக்கு இங்கே மதிப்பில்லை. இலங்கை அரங்க வரலாறு 792.095493 என்று எவ்வளவு நீண்டாலும் 792.1க்கு முன்னால்தான் நிற்கும். எண்கள் ஒன்றானால் ஆசிரியர் பெயர் வழிகாட்டும். அரங்க நூலாசிரியர் சி. மௌனகுருவை ‘மௌ’வில்தான் வைக்க வேண்டும், ‘சி’யில் வைத்தால் தேடுபவர் வெறுங்கையோடு போவார்.

சீர்காழியில் பிறந்த ரங்கநாதனின் கோலன் பகுப்பே மேலானது என்பவர்களோடு எனக்குப் பெரிய பகையில்லை. லண்டன் கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டு, பயிர், நோய், இடம் என்று தனித்தனியே பிரித்துப் பூட்டும் முறையை 1933 இல் அவர் தந்தார். சிந்தனை நுட்பத்தில் அவருக்கே முதலிடம். ஆனால் நூறு நூல்களைக் கையிலேந்தி அடுக்குகிறவருக்குத் தசமம்தான் சுகம்.

கணினியில் தேடினால் போதும், வரிசை எதற்கு என்பவர்களோடுதான் எனக்கு வழக்கு. நெற்பயிர் நோயைப் பற்றி வாசிக்கப் போன பிள்ளையின் கண், அடுத்த நூலில் மேய்ச்சல் புல்லைக் காண்கிறது. வட்டைக்காரருக்கும் பட்டிக்காரருக்கும் நிலம் ஏன் போதாமல் போகிறது என்ற கேள்வி அங்கேதான் அந்தப் பிள்ளைக்குப் பிறக்கும். தேடல் பெட்டியில் அந்தக் கேள்வியை யார் முன்கூட்டியே தட்டுவார்கள்?

முன்பெல்லாம் வாசகர் வருமுன் இறாக்கைகளை இடமிருந்து வலமாக எண் பார்த்துத் திருத்துவார்கள். இன்று நான் போகும் இடங்களில், திரும்பி வந்த நூலை இடைவெளி கண்ட இடத்தில் செருகுகிறார்கள். உயரம் பார்த்து அடுக்குவதும் உண்டு. அப்படிச் செருகிய நூல் பட்டியலில் இருக்கும், வாசகர் கைக்கு வராது. புதிய கட்டடமும் கணினியும் கேட்கிற நூலகங்கள், எண் பார்த்து அடுக்கத் தெரிந்த ஒருவருக்குத் தினமும் காலையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கட்டும். வாங்கிய நூல்கள் அத்தனைக்கும் அப்போதுதான் பயன் வரும்.