அம்பாசிடருக்கு எல்இடி: அம்புக்குறியைப் பார்த்து வாங்குங்கள்

கொல்கத்தா மல்லிக் பஜாருக்குப் பழைய வண்டிச் சாமான் தேடிப் போகிறவர்களை இப்போது முதலில் மயக்குவது எல்இடி. கடைக்காரர் ஒரு பாட்டரியில் இரண்டு ஒயரைத் தொட்டு, வெள்ளை வெளேரென்று எரியும் பல்பைக் காட்டுகிறார். பக்கத்தில் சாதாரண ஹாலஜன் பல்பையும் எரியவிடுகிறார். மஞ்சளாக, சோகையாக நிற்கும் அதைப் பார்த்த பிறகு பழையதோடு வீடு திரும்ப யாருக்கும் மனம் வருவதில்லை.

லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் அம்பாசிடரும் அப்படித்தான் எல்இடிக்கு மாறியது. முதலில் பல்பு மட்டும், பிறகு ரிப்ளெக்டரும் கண்ணாடியும் சேர்ந்த முழு டூம். சில வாரங்கள் ராஷ்பிஹாரி அவென்யூ, கரியாஹாட், ஈஎம் பைபாஸ், வித்யாசாகர் சேதுவைத் தாண்டி கோனா எக்ஸ்பிரஸ்வே என்று இரவில் ஓடியிருக்கிறது.

வேலை எளிது. அம்பாசிடரின் முகத்தில் இருப்பது ஏழு அங்குல வட்ட விளக்கு. அமெரிக்காவில் 1940இல் வழக்கத்துக்கு வந்த அளவு அது. பழைய ராங்ளர் ஜீப்புகள் பலவற்றிலும் புல்லட்டிலும் அதே அளவுதான். 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலை உற்பத்தியை நிறுத்திவிட்டாலும், இந்தக் காருக்கு விளக்குப் பஞ்சம் வராததற்குக் காரணம் இதுதான். வளையத்தைக் கழற்றி, டூமை மாற்றி, மூன்று முள் சாக்கெட்டைச் செருகினால் தீர்ந்தது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட், லூமன் கணக்கெல்லாம் அப்படியே இருக்கட்டும். பார்க்க வேண்டியது டிம் போட்டால் ஒளி எங்கே விழுகிறது என்பதைத்தான்.

எச்4 ஹாலஜன் பல்புக்குள் இரண்டு இழைகள். டிம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். அது கீழே போகும் ஒளியை மறைத்துவிடுவதால் ரிப்ளெக்டரின் மேல் பாதி மட்டுமே வேலை செய்யும். ஒளி சாலையில் தாழ்ந்து விழும். எதிரே வருபவரின் கண்ணைக் காப்பது அந்தக் கிண்ணம்தான். மலிவான எல்இடி பல்பில் இழையின் இடத்தில் தட்டையான சிப்பு. அதுவும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். ரிப்ளெக்டருக்கு அந்த வித்தியாசம் போதும். வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி டிம் போட்டுப் பார்த்தபோது, ஹாலஜனில் தெளிவாக இருந்த, ஒளி முடியும் மேல்கோடு கரைந்து, ஒளி சுவர் முழுக்க ஏறியிருந்தது. ஓட்டுபவருக்கு அது ஏக வெளிச்சம். எதிரே வரும் சைக்கிள்காரருக்கும் ரிக்‌ஷாக்காரருக்கும் சாலையே இல்லை.

ஒரு நல்லதைச் சொல்லியே ஆக வேண்டும். டைனமோ வைத்த பழைய அம்பாசிடர்களில் சிக்னலில் நின்றால் ஹெட்லைட் அழுது வடியும். வைப்பரும் ஓடினால் கேட்கவே வேண்டாம். மின்னழுத்தம் சற்றே இறங்கினாலும் எல்இடி ஒரே சீராக எரிகிறது. குறைந்த மின்சாரம் இழுப்பதால் பழைய ஒயரிங்கும் சூடாவதில்லை. கரியாஹாட் நெரிசலில் மழையோடு நிற்கும்போது இது பெரிய ஆறுதல்.

டூமுக்கு வருவோம். உள்ளே புரொஜெக்டர் லென்ஸ் வைத்த டூமில் மேல்கோடு கத்தியால் வெட்டியதுபோல் விழுகிறது. ஆனால் இதில் வேறொரு கோளாறு. சந்தையில் கிடைக்கும் ஏழு அங்குல டூம்களில் பல, அமெரிக்க ஜீப்பை மனத்தில் வைத்துச் செய்தவை. அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. நடைபாதையைக் காட்டுவதற்காக ஒளி வலப்பக்கம் தூக்கியிருக்கும். இடப்பக்கம் ஓடும் நம் ஊரில் அந்தத் தூக்கல் நேராக எதிர்வண்டி ஓட்டுநரின் முகத்துக்குப் போகிறது. ஸ்க்ரூவைத் திருகி எவ்வளவு இறக்கினாலும் இந்தக் குறை தீராது. வாங்கிய டூம் இப்படிப்பட்டதுதான். பைபாஸில் எதிரே வந்தவர்கள் திரும்பத் திரும்ப பிரைட் அடித்துக் காட்டினார்கள். நாம் டிம்மில்தானே போகிறோம் என்று ஓட்டியவர் நினைத்தார். சுவரில் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

டூமைச் சுற்றி எரியும் அந்த அலங்கார வளையம் வேறு! மாரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிதாக மாறாமல் நின்ற முகம் அது. அந்த உருண்டைக் கண்களுக்கு நீல வளையம் மாட்டுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வளையம் இல்லாத டூம் கேட்டால் கடைகளில் அதிசயமாகப் பார்க்கிறார்கள்.

மழையிலும் ஏமாற்றம்தான். வெள்ளை ஒளியில் தூறல் திரைபோல் முன்னே நிற்கிறது. வண்டிக்கு முன்னால் உள்ள சில அடிகள் பளீரென்று எரிவதால் கண்ணின் பாப்பா சுருங்கி, தூரத்தில் உள்ள பள்ளம் இன்னும் இருட்டாகிவிடுகிறது. வெளிச்சம் கூடியும் பார்வை குறைந்தது.

மத்திய மோட்டார் வாகன விதி 106, விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில் 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஜெர்மனியில் ஆஸ்ராமின் எல்இடி மாற்று பல்புக்கு 2020இல் அனுமதி கிடைத்தது. அதுவும் சோதித்துப் பட்டியலிட்ட கார் மாடல்களுக்கு மட்டும். எந்த ரிப்ளெக்டரில் எந்தப் பல்பு என்பதை அவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறார்கள்.

அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது ரிலே ஒயரிங். பழைய வண்டியில் ஹெட்லைட்டுக்கான மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு ஸ்விட்சையும், காலால் மிதிக்கும் டிப்பர் ஸ்விட்சையும் சுற்றி வருகிறது. வழியில் பத்து சதவீத மின்னழுத்தம் இறங்கினால் ஹாலஜனின் ஒளி முப்பது சதவீதம் போய்விடும். பாட்டரியிலிருந்து நேராக ரிலே வழியாகக் கொடுத்து, சுத்தமான ரிப்ளெக்டரில் நல்ல 60/55 வாட் ஹாலஜன் போட்டால், பாதிப் பேருக்கு எல்இடி ஆசையே போய்விடும்.

அதற்கு மேலும் எல்இடி வேண்டுமென்றால் பல்பை விடுங்கள், முழு டூமாக வாங்குங்கள். வாங்கும்முன் கண்ணாடியில் வட்டத்துக்குள் இ என்ற ஆங்கில எழுத்து உள்ள முத்திரையைத் தேடுங்கள். விளக்குக்கு எதிரே நின்று பார்த்தால், அதனருகே உங்கள் வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி இருக்க வேண்டும். அதுதான் இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான அடையாளம். இருபுறமும் காட்டும் அம்பும் சரி. அம்பே இல்லையென்றால், கடைக்காரர் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.