ராமமூர்த்தியின் பங்கு

புகழ்பெற்ற இசைக்குழுவை விட்டு வெளியே வந்து தனிக்கடை போட்டவர்களைப் பற்றி வெள்ளைக்காரர்கள் அலமாரி அலமாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். பீட்டில்ஸ் 1970-ல் உடைந்தது. நாலு பேரும் நாலு திசை. அதில் மூன்றாவது ஆளாகவே இருந்த ஜார்ஜ் ஹாரிசன், அதே வருஷம் மூன்று இசைத்தட்டுகள் கொண்ட ஒரு ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். லெனனும் மெக்கார்ட்னியும் இடம் கொடுக்காததால் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த பாட்டுகள் அதில் நிறைய. 'அடப்பாவி, இத்தனை நாள் எங்கேய்யா ஒளிச்சு வெச்சிருந்தே?' என்றது உலகம்.

பீட்டில்ஸ் உடைவதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே நம் கோடம்பாக்கத்தில் ஒரு பெரிய உடைசல் நடந்தது. 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) படத்தோடு விஸ்வநாதன் - ராமமூர்த்தி பிரிந்தார்கள். விஸ்வநாதன் பற்றி நமக்குத் தெரியும். ராமமூர்த்தி என்ன ஆனார்? 'அவரும் தனியா சில படம் பண்ணார், எடுபடலை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் ஆள் யாரென்று பார்த்துவிடலாம். டி.கே.ராமமூர்த்தி, 1922-ல் திருச்சியில் பிறந்தவர். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை என்ற பெரிய வயலின் வித்வானின் பேரன். அப்பாவும் வயலின். ராமமூர்த்தி கையில் வேறு எதைக் கொடுப்பார்கள்? சி.ஆர்.சுப்பராமன் குழுவில் அவர் வயலின்; ஆறு வயசு இளையவரான எம்.எஸ்.விஸ்வநாதனும் அங்கேதான். 1952-ல் சுப்பராமன் திடீரென்று காலமானார். 'தேவதாஸ்', 'சண்டிராணி' மாதிரி பாதியில் நின்ற வேலைகளை இந்த இரண்டு பேரும் முடித்துக் கொடுத்தார்கள். அதே வருஷம் என்.எஸ்.கிருஷ்ணனின் 'பணம்' படத்தில் கூட்டுக்கணக்கு ஆரம்பம். இந்தியில் சங்கர் - ஜெய்கிஷன் இல்லையா, அதுபோல.

பேர் வரிசை பற்றி ஒரு கதை சொல்வார்கள். மூத்தவர் பேர்தானே முன்னால் வரணும்? 'நீ பெரியவன், பின்னால நின்னு அவனைத் தாங்கிக்கோ' என்று கலைவாணர் சமாதானம் சொன்னாராம். கதை நிஜமோ இல்லையோ, ராமமூர்த்தி அடுத்த பதின்மூன்று வருஷமும் பின்னால்தான் நின்றார். 'பாசமலர்', 'பாலும் பழமும்', 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை'... பட்டியலை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்தப் பக்கம் போதாது. 1963-ல் திருவல்லிக்கேணியில் விழா எடுத்து, சிவாஜி கணேசன் கையால் 'மெல்லிசை மன்னர்கள்' என்று பட்டம் கொடுத்தார்கள். அந்தக் 'கள்' விகுதியைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் பிரிந்தார்கள்? ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். அந்த வம்புக்குள் நான் போகவில்லை. நமக்கு வேண்டியது பாட்டு.

பி.காம். படித்தவனுக்கு இந்த இடத்தில் கை அரிக்கும். கூட்டு வியாபாரச் சட்டம், 1932. கூட்டாளிகளுக்குள் எழுத்துபூர்வமாகவோ வாய்மொழியாகவோ வேறு ஏற்பாடு இல்லையென்றால் லாபமும் நஷ்டமும் சரிபாதி. எவன் அதிகம் உழைத்தான், எவன் பேர் போர்டில் முதலில் இருக்கிறது என்றெல்லாம் சட்டம் கேட்பதில்லை. கடையைக் கலைக்கும்போது நாற்காலி, மேஜை, சரக்கு எல்லாவற்றையும் பிரித்துவிடலாம். கஷ்டமான ஐட்டம் ஒன்று உண்டு: குட்வில். 'இந்தக் கடைச் சரக்கு நல்லா இருக்கும்' என்று ஜனங்கள் மனசில் இருக்கிற நம்பிக்கை. அது யாருக்குப் போகும்? கோடம்பாக்கத்தில் அது முழுசாக ஒரே ஆளுக்குப் போனது. 'மெல்லிசை மன்னர்கள்' இரண்டே வருஷத்தில் 'மெல்லிசை மன்னர்' ஆகி, அந்த ஒருமை ஜனங்கள் வாயில் விஸ்வநாதனிடமே தங்கிவிட்டது.

எப்படிப் போனது என்று கணக்குப் பார்த்தால் ரொம்ப எளிது. ஏவி.எம்.மின் 'அன்பே வா' (1966) விஸ்வநாதன். எம்.ஜி.ஆர். விஸ்வநாதனிடம் போனார், மகாதேவனிடம் போனார், அப்புறம் சங்கர் கணேஷிடம்கூடப் போனார். பிரிவுக்குப் பின் தனி ராமமூர்த்தியிடம் ஒரு படத்துக்கும் வரவில்லை. ஸ்ரீதர், பந்துலு, எல்லோரும் அந்தப் பக்கம். ராமமூர்த்தி பக்கம் தங்கியவர்கள் என்று பார்த்தால் முக்கியமாக இரண்டு கூடாரம்தான். ஒன்று, திருமலை - மகாலிங்கம் என்ற இரட்டை இயக்குநர்கள் (பிரிந்த இரட்டையில் ஒருவரை இன்னொரு இரட்டை ஆதரித்தது ஒரு தமாஷ்). இன்னொன்று, டி.ஆர்.ராமண்ணா. 'பெரிய இடத்துப் பெண்', 'பணக்கார குடும்பம்' என்று கூட்டணியிடம் பாட்டு வாங்கி ருசி கண்டவர்.

1966 என்ற ஒரே வருஷத்தில் 'சாது மிரண்டால்', 'தேன்மழை', 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி', 'மறக்க முடியுமா' என்று நாலு படங்கள். ஆரம்பம் ஒன்றும் மோசமில்லை. 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி' பெரும்பாலும் பஸ்ஸுக்குள் நடக்கிற சிரிப்புப் படம். பாண்டிச்சேரிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம் தெற்கே இருக்கிற எங்கள் கடலூர்க்காரர்களுக்கு, பஸ்ஸை இன்னும் கொஞ்சம் தூரம் ஓட்டியிருக்கலாமே என்று ஒரு சின்ன மனக்குறை. அது 1972-ல் இந்தியில் 'பாம்பே டு கோவா' ஆனது. அதற்கு ஆர்.டி.பர்மன் இசை என்பது நம்ம ஊர் வினாடி வினா பையன்களுக்கே அத்துப்படி. தமிழ் மூலத்துக்கு யார் இசை என்று கேளுங்கள், முழிப்பார்கள்.

'மறக்க முடியுமா'வில் கலைஞர் எழுதி சுசீலா பாடிய 'காகித ஓடம்'தான் ராமமூர்த்தியின் தனி வாழ்க்கையில் உச்சம் என்பது என் கட்சி. சோகப் பாட்டு என்றால் அந்தக் காலத்தில் வயலின்களை மொத்தமாகத் திறந்துவிட்டு அழவைப்பது வழக்கம். வயலின் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த ஆசை இன்னும் அதிகமாக இருந்திருக்கணும். ஆனால் இங்கே மெட்டு தன் பாட்டுக்கு அலட்டாமல் போகிறது. சுசீலாவின் குரல் முன்னால் நடக்கிறது, வாத்தியங்கள் மரியாதையாகப் பின்னால் வருகின்றன. 'ராமமூர்த்தி என்றால் வாத்திய அமைப்பு, விஸ்வநாதன் என்றால் மெட்டு' என்று பாகம் பிரித்து வைத்திருப்பவர்கள் இந்த ஒரு பாட்டுக்கு என்ன பதில் சொல்வார்கள்? மெட்டு இல்லாத ஆள் போட்ட மெட்டா இது?

அடுத்தது ராமண்ணாவின் 'நான்' (1967). இந்தப் படத்தில் ராமமூர்த்திக்கு ஒரு தெம்பு வந்திருக்கிறது. ரவிச்சந்திரன், ஜெயலலிதா, வண்ணம், ஆட்டம் பாட்டம். எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய 'வந்தால் என்னோடு' கேட்டுப்பாருங்கள். ஈஸ்வரி என்றாலே கிளப் டான்ஸ் என்று ஓரம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், கதாநாயகிக்கு அந்தக் குரலைக் கொடுத்து ஒரு துள்ளலும் கொடுத்திருக்கிறார். 'மூன்றெழுத்து' (1968), சிவாஜி நடித்த 'தங்கச்சுரங்கம்' (1969) எல்லாம் இதே ராமண்ணா முகாம்தான்.

இங்கே நம்ம ஊர்க் கதை ஒன்று. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில், சிப்காட் கம்பெனிகளை ஒட்டி இருக்கிறது செம்மங்குப்பம். ஒரு ஆடி மாசம், கூழ் ஊற்றுகிற திருவிழா. மரத்தில் கட்டிய குழாயில் சுசீலாவின் 'திருத்தணி முருகா' போய்க்கொண்டிருந்தது. மைக் செட் போட்டிருந்தவர் அறுபது தாண்டியவர். "அண்ணே, இது யார் மியூசிக்?" என்றேன்.

"என்ன தம்பி, பத்திரிகையில இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா? எம்.எஸ்.வி.!"

"இல்லண்ணே. 'நீலகிரி எக்ஸ்பிரஸ்', 1968. ராமமூர்த்தி தனியா போட்டது."

அவர் நம்பவில்லை. "சும்மா இருங்க தம்பி. அந்த ஸ்டைலைக் கேட்டாலே தெரியல? எம்.எஸ்.வி.யைத் தவிர வேற எவன் போடுவான் இப்படி?" என்றவர், அதற்கு மேல் என்னோடு பேசப் பிரியப்படாமல் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னது தகவலாகத் தப்பு. சாட்சியமாக, பிரமாதம். நாற்பது வருஷமாகத் திருவிழாவுக்குத் திருவிழா பழைய பாட்டு போடுகிற காது அது. அந்தக் காதுக்கே ராமமூர்த்தியின் தனிப் பாட்டு, கூட்டணிப் பாட்டு மாதிரிதான் கேட்கிறது. அப்படியென்றால் 'எம்.எஸ்.வி. ஸ்டைல்' என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற 1960களின் அந்த ஒலி யாருடையது? ஒரே ஆளுடையதாக இருந்தால், இன்னொருவர் தனியாக உட்கார்ந்து போடும்போது அது எப்படி வரும்? காப்பியடித்தார் என்று சொல்ல முடியாது. தன் வீட்டுச் சாமானைத் தானே எப்படித் திருடுவது?

ஆனால் என் ஆளின் கணக்கில் பற்று வைக்க வேண்டிய இடமும் இதுதான். 1965-க்குப் பிறகு விஸ்வநாதன் அதே இடத்தில் நிற்கவில்லை. ஜோசப் கிருஷ்ணா, ஹென்றி டேனியல் போன்றவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதுசு புதுசாகத் தாளம், புதுசு புதுசாக வாத்தியம் என்று ஓடிக்கொண்டே இருந்தார். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் ஆள் வேறு, சத்தம் வேறு. ராமமூர்த்தியோ பழைய வீட்டின் சாவியைப் பத்திரமாக வைத்திருந்தார். 1968-ல் அவர் போட்ட பாட்டு 1964-ல் வந்திருக்க வேண்டியது மாதிரி இருக்கிறது. நல்ல 1964, ஆனாலும் 1964. அதோடு, சிரிப்புப் படங்களில் பாட்டு என்பது கதையின் நடுவே வருகிற இடைவேளை மாதிரி. 'பாலும் பழமும்' தந்த மாதிரி ஒரு துக்கத்தை, ஒரு தனிமையைத் திருமலை - மகாலிங்கம் படங்கள் அவருக்கு அதிகம் தரவில்லை. தந்தபோது செய்தார். தேசிய விருது வாங்கிய 'ஆலயம்' (1967) படத்தின் இசை அவருடையதுதான்.

1970-ல் 'காதல் ஜோதி', 'சங்கமம்'. அப்புறம் படங்கள் அபூர்வமாகிவிட்டன. மொத்தமாகச் சேர்த்தாலும் தனிப்படங்கள் இருபதைத் தொடவில்லை. அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கில். ஹாரிசனிடம் பெட்டி நிறையப் பாட்டு இருந்தது, பதிவு செய்ய ஒரு ஸ்டூடியோவும் தட்டு போட ஒரு கம்பெனியும் போதும். நம் சினிமாவில் பாட்டு பெட்டியில் கிடந்து பிரயோஜனம் இல்லை. தயாரிப்பாளர் வரணும், கதாநாயகன் 'இவரையே போடுங்க' என்று சொல்லணும், இயக்குநர் ஒரு சூழ்நிலை சொல்லணும். இவ்வளவும் நடந்தால்தான் ஒரு மெட்டு வெளியே வரும். தனி ஆல்பம் என்ற பேச்சே இல்லாத ஊரில், படம் குறைந்தால் இசையமைப்பாளருக்கு வேறு மேடையும் இல்லை. 'எடுபடலை' என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

முப்பது வருஷம் கழித்து, 1995-ல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு இரண்டு பேரும் மறுபடி சேர்ந்தார்கள். சத்யராஜ் படம். டைட்டிலில் அந்த இரட்டைப் பெயர் திரும்ப வந்தது சந்தோஷம். பாட்டு? ராஜாவும் ரகுமானும் ஆண்டுகொண்டிருந்த வருஷத்தில் இரண்டு பெரியவர்கள் மரியாதைக்குக் கச்சேரி செய்த மாதிரி இருந்தது. அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

2012 ஆகஸ்டில் முதல்வர் ஜெயலலிதா இரண்டு பேரையும் ஒரே மேடையில் ஏற்றி, 'திரை இசைச் சக்கரவர்த்தி' என்று பட்டம் கொடுத்தார். 'ஆயிரத்தில் ஒருவ'னின் கதாநாயகி. 'நான்', 'மூன்றெழுத்து' படங்களின் கதாநாயகியும் அவர்தான். கூட்டணியின் கடைசிப் பாட்டுகளுக்கும் ராமமூர்த்தியின் தனிப் பாட்டுகளுக்கும் வாயசைத்தவர். ஆளுக்கு அறுபது பொற்காசு, ஆளுக்கு ஒரு கார். துல்லியமாகச் சரிபாதி. ராமமூர்த்திக்கு அப்போது தொண்ணூறு வயசு. எட்டு மாதம்கூட ஆகவில்லை, 2013 ஏப்ரல் 17-ல் காலமானார்.