பத்து மணி நேரமா, ஏழு நாளா?

திருப்பூரில் பேக்கிங் முடிந்த பனியன் பெட்டி லாரியேறித் தூத்துக்குடிக்குப் போகிறது. அங்கே அதற்குப் பெரும்பாலும் கிடைப்பது ஃபீடர் என்னும் சின்னக் கப்பல். ஐரோப்பா போகும் தாய்க்கப்பல் கொழும்பில் நிற்கும். எந்தக் கப்பல் எப்போது துறைமுகத் தளத்தில் (பெர்த்தில்) கட்டும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன், கடலே இல்லாத இந்த ஊருக்கும் சம்பந்தப்பட்ட சங்கதிதான்.

அதன் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே தளம். கப்பல்கள் முன்னறிவிப்பில்லாமல் வருகின்றன. ஏற்றி இறக்கும் நேரமும் கப்பலுக்குக் கப்பல் மாறுகிறது. வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய கணக்குப்படி, தளம் பாதி நேரம் நிறைந்திருந்தால் சராசரிக் காத்திருப்பு, ஒரு கப்பலுக்கு வேலை நடக்கும் நேரத்துக்குச் சமம். 80 விழுக்காடு நிறைந்தால் அதுவே நான்கு மடங்கு. 90 என்றால் ஒன்பது மடங்கு! தளம் சும்மா கிடக்கக் கூடாது என்று துடிக்கும் நிர்வாகிக்கு இந்த எச்சரிக்கை ஒன்றே போதும். பல தளங்கள், காற்று, இழுவைப் படகு, விசாகப்பட்டினம் போலக் கடற்படைக் கப்பலும் சரக்குக் கப்பலும் புழங்கும் துறைமுகம் என்று வந்துவிட்டால் காகிதக் கணக்கு எடுபடாது. அங்கே சிமுலேஷன் இருந்தால், கான்கிரீட் கொட்டுமுன் தப்பைத் திரையிலேயே செய்து பார்க்கலாம்.

வருகைக் கணக்கில்தான் இடறுகிறது. ஒரு கப்பலின் வருகைக்கும் அடுத்ததற்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டே எளிய சிமுலேஷன்கள் தொடங்குகின்றன. 2021 மார்ச்சில் ‘எவர் கிவன்’ கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே கிடந்தது. வழி திறந்ததும் நின்றிருந்தவை எல்லாம் கும்பலாகக் கிளம்பின. கொழும்பில் நெரிசல் என்றால் ஃபீடரும் கொத்தாகத்தான் வரும்.

அதைவிடப் பெரிய குறை, கணக்கு துறைமுக வாசலோடு முடிந்துவிடுவது. தூத்துக்குடியில் 10 மணி நேரத் தாமதம் என்று அச்சாகும். அதற்குள் தாய்க்கப்பல் கொழும்பை விட்டுவிட்டால், வாரம் ஒருமுறை வரும் சேவையில் இன்னும் 7 நாள். பையர் தள்ளுபடி கேட்பார், அல்லது ஏர் ஃபிரைட்டில் அனுப்பச் சொல்வார். இரவு ஷிப்ட் போட்டு ஓவர்லாக்கில் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் நங்கூரத்தில் போச்சு.

தளம் கட்ட இந்தக் கணக்கை நம்பலாம். டெலிவரி தேதிக்கு நம்ப முடியாது. சராசரியோடு, நூற்றில் மிகவும் தாமதித்த பத்துக் கப்பல்கள் எத்தனை மணி நேரம் நின்றன, கொழும்பில் எத்தனை பெட்டிகள் தாய்க்கப்பலைத் தவறவிட்டன என்பதையும் துறைமுகங்கள் வெளியிடட்டும்.